வழுவழுப்பான கையேடு

"தம்பி, இதுல சேத்தா சரியா இருக்குமா?"

ஹட்டன் பஸ் நிலையம், விடாத மழை. அந்த அண்ணன் பொலித்தீன் பைக்குள்ளிருந்து ஒரு தனியார் கல்லூரியின் கையேட்டைப் பத்திரமாக எடுத்து நீட்டினார். பக்கத்தில் மகள்.

கண்ணாடிக் கட்டடம். கோட்டு போட்ட பிள்ளைகள். 'வெளிநாட்டுப் பட்டம்.' முதல் தவணைப் பணம் கட்டும் திகதி தடித்த எழுத்தில். பட்டத்தை யார் அங்கீகரித்தார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள் என்றேன். டிப்ளோமா என்றால் என்விகியூவில், அதாவது தேசிய தொழிற் தகைமையில், எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். 5க்குக் கீழே இருந்தால் அது வெறும் சான்றிதழ்தான்.

அப்புறம்தான் தெரிந்தது, உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி கையில் இருந்தும் பிள்ளை அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே நினைக்கவில்லை. "நமக்கெல்லாம் கிடைக்காதுண்ணா."

யார் சொன்னது? பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைப் பாருங்கள். பெரும்பாலான பாடநெறிகளில் 55 சதவீத இடம் மாவட்ட அடிப்படையில். பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு இன்னும் 5 சதவீதம். நுவரெலியா, பதுளை இரண்டும் அதில் உண்டு. ஆசிரியராக ஆசையென்றால் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி, கூப்பிடு தூரம்.

பஸ் வந்துவிட்டது.

"அந்தக் கைநூல் எங்கண்ணா வாங்கலாம்?" என்றாள் அவள். வழுவழுத் தாளில் பேனா பிடிக்கவேயில்லை. அவள் உள்ளங்கையை நீட்டினாள், அதில் எழுதினேன்.