ஐம்பத்தாறு நாள்

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கியாயிற்று. லினாக்கை (மின்சாரத்தில் கதிர் உண்டாக்கும் புற்றுநோய் சிகிச்சை மெஷின்) குளிர வைக்கும் சில்லர் தண்ணீர் காலையிலேயே இரண்டு டிகிரி ஏறியிருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்று, வரிசையில் மூன்றாவது அம்மா: 25 தடவை கதிரில் 18 முடிந்தது. ஏப்ரல் 7-இல் ஆரம்பம். சித்திரை முதல் நாள், புனித வெள்ளி, மே தினம் என்று மூன்று நாள் ஏற்கெனவே போச்சு. இன்று நாள் 29.

மே 6, செவ்வாய்

டோஸ் ரேட் (ஒரு நிமிடத்தில் வரும் கதிர்) 600 இருக்க வேண்டிய இடத்தில் 380. இரண்டாவது ஆளோடு பீம் (கதிர்க்கற்றை) நின்றது. முதலில் சில்லரைத்தான் சந்தேகப்பட்டோம். பீமுக்கு நுண்ணலைச் சக்தி தரும் மேக்னெட்ரான் குழாய் போயிருக்கிறது.

மே 7, புதன்

பாகம் மும்பையிலிருந்து, இன்ஜினியர் சென்னையிலிருந்து. பெஞ்சில் 41 பேர். "இன்னைக்கும் கரண்டு கிடையாதா?" கதிர் வைப்பதைத்தான் கரண்டு என்கிறார்கள்.

பெரிய மையங்களில் ஒரே பீம் அளவுக்குப் பொருத்திவைத்த இரண்டு லினாக் இருக்கும். ஒன்று படுத்தால் அன்று மதியமே அடுத்த அறையில் அதே பிளானில் படுக்க வைத்துவிடலாம், கணக்கை மாற்ற வேண்டாம். இங்கே ஒன்றுதான். மாவட்டத்துக்கு ஒரு லினாக் வந்துவிட்டது என்று கணக்கெழுதுகிறவர்கள் இரண்டாவதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் கதிர் சிகிச்சையே இருக்கிறது. இங்கே ஒரு மேக்னெட்ரான் உதிரியாக அலமாரியில் இருந்திருந்தால் போதும்.

மே 8, வியாழன்

நாள் 32. மெஷின் வெளியிலிருந்து தரும் வெளிக்கதிரும், உடலுக்குள் சோர்ஸை வைத்துத் தரும் உள்கதிரும் சேர்ந்து 56 நாளுக்குள் முடிய வேண்டும். தாண்டினால் கட்டி திரும்பி வளரும் வேகத்தை டோஸால் ஈடுகட்ட முடியாமல் போகும். ஜூன் 1 கடைசி.

பக்கத்து பங்கரில் (தடிச்சுவர் அறை) கோபால்ட் மெஷின் இருக்கிறது. அதில் கதிர் தரும் சோர்ஸ் ஏற்றி ஏழு வருடம். அரை ஆயுள் 5.27 வருடம், ஆகவே 40 சதவீதம்தான் மிச்சம். அன்று ஒரு நிமிடம் வைத்ததற்கு இன்று இரண்டரை நிமிடம். 10 செ.மீ. ஆழத்தில் கோபால்ட் தன் உச்ச டோஸில் 56 சதவீதம் தரும், லினாக்கின் 6 எம்வி பீம் 67 தரும். மேலே உள்ள சதை கூடுதலாக வாங்கும். சோர்ஸ் இரண்டு செ.மீ. அகலம், அதனால் புலத்தின் ஓரமும் மங்கல். ஆனால் இடுப்புக்கு நான்கு பக்கமிருந்து கொடுத்தால் சமாளிக்கலாம். புதுப் பிளான் போட்டு, லினாக் எண்ணும் மானிட்டர் யூனிட்டுக்குப் பதில் நேரம் கணக்கிட்டு, இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்தோம். மாலை 5 மணிக்கு அந்த அம்மாவுக்கு 19-வது தடவை.

தலை, கழுத்துப் புற்றுக்காக முகம் அசையாமல் பிடிக்கும் மாஸ்க் போட்டவர்கள் மூன்று பேரை கோபால்ட்டுக்கு மாற்ற மனம் வரவில்லை. இரு பக்கமிருந்து அடித்தால் உமிழ்நீர்ச் சுரப்பி முழு டோஸையும் வாங்கும்; வாய் வறண்டு வாழ்நாள் முழுக்கக் கஷ்டப்படுவார்கள். காத்திருந்தாலும் நான்காவது வாரம் தாண்டியவர்களுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிரே (கதிர் டோஸின் அலகு) வீதம் நஷ்டம். இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. காத்திருக்கிறோம்.

மே 9, வெள்ளி

20. பாகம் இன்னும் வரவில்லை.

மே 10, சனி

விடுமுறையிலும் கோபால்ட். 21.

மார்பகத்துக்கு 26 கிரேயை ஐந்தே தடவையில் கொடுக்கலாம் என்று 2020-இல் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு காட்டியது. 70 கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிறவளுக்குத்தான் அது முதலில் கிடைக்க வேண்டும். ஒரு தடவைக்கு 5.2 கிரே என்றால் தினமும் படமெடுத்து இடம் பார்க்காமல் வைக்கக் கூடாது. அந்த வசதியுள்ள மெஷின்தான் படுத்துக் கிடக்கிறது. அதனால் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவரும் தூரத்து ஊர்க்காரியும் ஒரே 15 தடவை.

மே 12, திங்கள்

பாகம் வந்தது. 22.

மே 13, செவ்வாய்

மேக்னெட்ரான் மாட்டி இரவு 11 வரை டியூனிங். நடுவில் ஒரு முறை மின்தடை. யுபிஎஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், சில்லருக்கு இல்லை. தண்ணீர் வெப்பநிலை நிலைக்கு வரும்வரை அளந்தால் எண் பொய் சொல்லும். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு நீர்த்தொட்டி, 10 செ.மீ. ஆழம், கதிர் அளக்கும் 0.6 சிசி சேம்பர். அறை வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் புதிதாக அளந்தோம். காலை எண்ணை வைத்துத் திருத்தம் போட்டால் ஒரு சதவீதம் அதிலேயே போய்விடும். அவுட்புட் 0.6 சதவீதம் அதிகம். பீமின் ஆற்றல், சமச்சீர், பீமுக்கு வடிவம் தரும் லீஃப் வரிசை எல்லாம் சரி.

கோபால்ட்டில் 23.

மே 14, புதன்

பீம். 24.

மாஸ்க் மூவருக்கும் விட்டுப்போன ஆறு தடவை பாக்கி. வாரத்தில் இரண்டு நாள் இரட்டை, கூடவே சனிக்கிழமை. இரண்டு வாரத்தில் நேராகும். இரட்டை நாளில் காலை 7, மதியம் 1.30. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி விட்டால் தண்டுவடம் ஆறாது. அதுவரை வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும். கஞ்சிக்கு ஏற்பாடு செய்யணும்.

மே 15, வியாழன்

25! நாள் 39.

மே 19, திங்கள்

ஒருவருக்கு மாஸ்க் தளர்ந்திருக்கிறது. கன்னத்தில் விரல் நுழைகிறது. காத்திருந்த நாட்களில் எடை குறைந்திருக்கிறார். மறு சிடி, புது மாஸ்க், புதுப் பிளான்.

உள்கதிருக்கு அந்த அம்மா அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இங்கே கருவி இல்லை. அங்கே உள்கதிர் தரும் இரிடியம் சோர்ஸ் 74 நாள் பழசு, பாதிதான் மிச்சம். பத்து நிமிடம் இருபதாகும். பரவாயில்லை. 7 கிரே வீதம் நான்கு தடவை.

மே 23, வெள்ளி

நாள் 47. முதல் உள்கதிர் ஆயிற்று. அடுத்தது செவ்வாய் என்கிறார்கள். திங்கட்கிழமையே கேட்டிருக்கிறேன்.