குரல் இல்லாத லெந்து

மார்ச் 10, திங்கள்

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்தில், போதகனான நான் ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது, தேவைப்பட்டால் இரண்டு. கிசுகிசுப்பதும் கூடாதாம். தொண்டையில் எடுத்த சதைத் துணுக்கு சோதனைக்குப் போயிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

மனைவி பிள்ளைகளின் பழைய சிலேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். "இனிமே எழுதித்தான் கோபப்படணும்" என்று சிரிப்பு வேறு. எழுதிப் பார்த்தேன். பாதி வரியிலேயே கோபம் ஆறிவிடுகிறது.

மார்ச் 12, புதன்

தூக்கம் வரவில்லை. சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் விவாதத்துக்கு வைத்த கருத்துரைகளை எடுத்து வைத்துக்கொண்டேன். செமினரியில் பரீட்சைக்காக உருப்போட்டது: 1518 ஏப்ரல் 26, அகுஸ்தீனியத் துறவிகளின் கூட்டம், இறையியலில் 28, தத்துவத்தில் 12. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் எழுதிய அந்த 95 கருத்துரைகள் வெளியாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சண்டை எங்கும் கொதிக்கிறது. லூத்தரோ அதைத் தொடாமல், யாரை இறையியலாளன் என்று சொல்லலாம் என்பதற்குப் போய்விடுகிறார்.

21-ஆவது: மகிமையின் இறையியலாளன் தீமையை நன்மை என்கிறான், நன்மையைத் தீமை என்கிறான், சிலுவையின் இறையியலாளன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான்.

அந்தக் குழந்தையின் சின்னச் சவப்பெட்டி. ஒரு கையிலேயே தூக்கிவிடலாம். குழியருகே நின்று, பிள்ளைகளை இழந்த யோபு பைபிளில் சொன்ன "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பதைச் சொன்னேன். அன்று குரல் கணீரென்றுதான் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

ரிசல்ட் வரவில்லை.

மார்ச் 14, வெள்ளி

சபைக் கமிட்டியிலிருந்து செய்தி: "ஈஸ்டருக்குள் குரல் திரும்பிவிடும் ஐயா, விசுவாசியுங்கள்." எரிச்சலாக வந்தது. யார் சொன்னது திரும்பும் என்று? அப்புறம் போனில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். போன மாதம் டயாலிசிஸில் இருக்கும் பெரியவருக்கு நான் அனுப்பியதும் இதே வாக்கியம்தான், பெயர் மட்டும் வேறு.

மார்ச் 15, சனி

இன்னொன்றும் மனதில் கிடந்து அரிக்கிறது. எத்தனையோ வருஷத்துக்கு முன், கன்றிப்போன கண்ணோடு ஒரு பெண் வந்தாள். மூத்த போதகர் ஒருவர் அவளிடம் "உன் சிலுவையைச் சுமந்துகொள், அம்மா" என்றார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சிலுவையின் இறையியல் என்றுதான் நினைத்தோம் இருவரும். இப்போது 21-ஐத் திரும்பப் படித்தால் நேர்மாறு. புருஷன் அடிப்பது தீமை. அதற்குச் சிலுவை என்று பெயர் வைத்தால் தீமையை நன்மை என்று சொன்னதாகத்தானே ஆகும்? மகிமையின் இறையியல் கச்சேரி மேடையிலும் பெரிய கோபுரத்திலும் இருக்கிறது என்று எத்தனை பிரசங்கம் செய்திருப்பேன்! அது எங்கள் அலுவலக அறையில், மெதுவான குரலில், 'அம்மா' போட்டுப் பேசியது.

அவள் அதன்பின் வரவே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உபதேசியார் பிரசங்கத்தைப் பார்த்து வாசித்தார், நன்றாகவே வாசித்தார். (கொஞ்சம் பொறாமை.) அங்கிருந்து பார்த்தால் எல்லாம் முதுகுதான். பைபிளில் யாத்திராகமம் 33: மோசேக்குத் தேவனுடைய முகம் கிடைக்கவில்லை, பின்பக்கம்தான் கிடைத்தது. 20-ஆவதில் லூத்தர் பிடித்துக்கொள்வது அதைத்தான்: தேவனைப் பாடுகளிலும் சிலுவையிலும் பின்பக்கமாகப் பார்ப்பவனே இறையியலாளன்.

இரண்டு வரிசைக்கு முன்னால், அந்தக் குழந்தையின் தாய். பாட்டுப் புத்தகம் விரித்தபடி மடியில். மூன்று பாட்டு முடிந்தது. பக்கம் புரளவில்லை.

மார்ச் 17, திங்கள்

1542 செப்டம்பர் 20. மகள் மக்தலேனா, 13 வயது, லூத்தரின் கையிலேயே இறந்தாள். மூன்று நாள் கழித்து நண்பர் யோனாசுக்கு எழுதுகிறார்: நானும் மனைவியும் சந்தோஷமாக நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான், ஆனால் அழாமல் அது முடியவில்லை என்று.

அவருக்கே முடியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சிலேட்டோடு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் கைக்கு வரவில்லை. அவளே பேசினாள்: "யோபு அதைத் தன் பிள்ளைங்களுக்குத்தானே ஐயா சொன்னார். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கா சொன்னார்?"

"நான் சொன்னது தப்பு" என்று எழுதிக் காட்டினேன். படித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சிலேட்டைத் திருப்பித் தரவும் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "உங்களுக்கு என்னன்னு சொன்னாங்க?" என்றாள்.

இன்னும் தெரியாது என்று எழுத சிலேட்டை வாங்கினேன். கை எழுதியது: பயமாக இருக்கிறது.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஜெபம் பண்ணாமலே எழுந்து வந்தேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

மார்ச் 19, புதன்

போன் வந்தது. மனைவிதான் எடுத்தாள். நாளைக்குக் காலை நேரில் வரச் சொல்கிறார்களாம், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு. சிலேட்டுக்குப் பலப்பம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.