அந்த எட்டு மைல்

அமெரிக்காவுல இருக்கற அப்பலாச்சியன் ட்ரெயில்ங்கற நீள நடைபாதைய முடிச்சிட்டியான்னு யாராவது கேட்டா எனக்கு டக்குனு ஆமான்னு வாய் வர மாட்டேங்குது. ஜார்ஜியால ஸ்ப்ரிங்கர் மலைலேர்ந்து மெய்ன்ல கட்டாடின் உச்சி வரைக்கும் 14 மாநிலம், 3,500 கிலோமீட்டருக்கு மேல, லீவு கிடைக்கறப்பல்லாம் போய் துண்டு துண்டா நாலு வருஷத்துல நடந்தேன். நடுவுல வெர்ஜீனியால மட்டும் ஒரு எட்டு மைல் நடக்கல. முட்டி வீங்கிப் போச்சு, பாதை ரோட்டக் கடக்கற எடத்துல ஒருத்தர் கார நிறுத்தி ஏத்திக்கிட்டார், அடுத்த ரோட்ல இறங்கி மறுநாள் அங்கேர்ந்து தொடர்ந்துட்டேன்.

கூட நடந்த ஃப்ரெண்டு, இவ்ளோ நடந்ததுக்கு அப்புறம் எட்டு மைல் என்ன பெருசு, யாருக்குத் தெரியப் போகுதுங்கறான். யாருக்கும் தெரியாதுதான். பாதைய பராமரிக்கற ட்ரெயில் கன்சர்வன்சிங்கற அமைப்புல, முழுசா நடந்தவங்களுக்கு குடுக்கற '2000 மைலர்'ங்கற பட்டத்துக்கு நம்ம பேர் சேக்கறதுக்கு நாம எழுதிக் குடுக்கறத அப்படியே நம்பறாங்க. ஸ்பெயின்ல சான்டியாகோவுக்கு நடந்து போறவங்க சர்டிபிகேட் வாங்கணும்னா வழியெல்லாம் முத்திரை குத்தின அட்டைய காட்டணும், இங்க அதெல்லாம் கிடையாது. அதனாலதான் எனக்கு பொய் சொல்ல கையே வரல.

ரூல் ஒண்ணும் கெடுபிடி இல்ல. எந்த திசைல நடந்தாலும் சரி, எத்தன வருஷம் ஆனாலும் சரி, பைய வேற யாராவது கார்ல கொண்டு போய் குடுத்தாலும் சரி. பன்னெண்டு மாசத்துக்குள்ள முடிச்சா த்ரூ ஹைக், இல்லன்னா செக்‌ஷன் ஹைக், ரெண்டு பேருக்கும் அதே '2000 மைலர்' பேருதான். வெள்ளம், புயல், காட்டுத்தீன்னா மரத்துல நீலப் பட்டை போட்ட மாத்துப் பாதைல போனாலும் ஏத்துக்கறாங்க. மெய்ன்ல கென்னபெக் ஆத்தக் கடக்க கனூங்கற சின்னப் படகுதான் அதிகாரபூர்வ வழி, மெயின் பாதைய காட்டற வெள்ளைப் பட்டை அந்தப் படகுக்குள்ளயே வரைஞ்சிருக்கும், ஒரு பட்டைய கூட விட மாட்டேன்னு பிடிவாதமா வர்றவங்களும் அங்க உக்காந்துதான் அக்கரைக்கு போறாங்க. அமெரிக்காவோட மேற்குப் பக்கம் இருக்கற இன்னொரு நீளப் பாதையான பசிபிக் க்ரெஸ்ட் ட்ரெயில்ல தீ புடிச்சு பாதைய மூடினதால ஒரு துண்ட விட்டுட்டு மிச்சத்த முழுசா நடந்தவங்கள பாத்து நீ முடிக்கலன்னு என்னால சொல்லவே முடியாது, அவங்க நடக்கத் தயாராதான் இருந்தாங்க, பாதைதான் இல்ல.

என் கேஸ் அப்படி இல்லயே. பாதை திறந்துதான் இருந்துச்சு. ரெண்டு நாள் படுத்திருந்தா முட்டி சரியாயிருக்கும், ஃப்ரெண்ஸ் முன்னாடி போயிட்டாங்க, அவங்கள புடிச்சிடணும்னு கார்ல ஏறினேன், அவ்ளோதான் காரணம். வேற யாராவது இதே மாதிரி விட்டுட்டு நான் இவ்ளோ நடந்தேன், இவ்ளோ விட்டேன்னு வெளிப்படையா சொன்னா அவங்க மேல எனக்கு முழு மரியாதை உண்டு. ஆனா விட்டத மறைச்சு முழுசுன்னு எழுதிக் குடுக்கறது, வலியோட அந்த மேட்டையெல்லாம் ஏறினவங்களுக்கு செய்யற அநியாயம்னு நெனக்கறேன்.

அந்த எட்டு மைல்ல பெரிய வியூ பாயின்ட் ஒண்ணும் இல்லயாம், வெறும் காடும் ஒரு ஓடையும்தான்னு நடந்தவங்க சொன்னாங்க. மே மாசம் லீவு போட்டிருக்கேன். கார்ல ஏறின அதே எடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், 2000 மைலர் ஃபார்ம அதுக்கப்புறம்தான் நிரப்பப் போறேன்.