முன்பல் சந்து: அடைக்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெண் பார்க்கும் பேச்சு தொடங்கினால் முன்பல் சந்தும் பேச்சில் வந்துவிடும். "சந்துப்பல் அதிர்ஷ்டம், விடுங்க" என்பார் ஓர் ஆச்சி. "நிச்சயத்துக்குள்ள அடைச்சிரணும்" என்பார் இன்னோர் ஆச்சி. நைஜீரியாவின் யொரூபா மக்களுக்கு இதே சந்து பேரழகு. பிறவியில் வாய்க்காதவர்கள் பல்லை அராவி உண்டாக்கிக்கொள்வதும் உண்டு. பிரெஞ்சுக்காரர்களும் அதை நற்பேற்றின் அடையாளமாகச் சொல்வார்கள். நாமோ முல்லை அரும்பு போல நெருங்கிய பல்வரிசையைப் பாடியவர்கள். வைத்துக்கொள்வதும் அடைப்பதும் அவரவர் விருப்பம்தான். ஆனால் சந்து ஏன் விழுந்தது என்று பார்க்காமல் அடைத்தால் அது திரும்பவும் திறக்கும்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குச் சந்து இருப்பது இயல்பு. 11, 12 வயதில் மேல் கோரைப்பல் இறங்கும்போது 2 மி.மீ. வரையான சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அதற்குள் அவசரப்பட்டு இரண்டு பல்லையும் சேர்த்து ரப்பர் பேண்ட் மாட்டிவிடாதீர்கள். வேர் மேலே போகப்போகக் குறுகுவதால் ரப்பர் வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும். எக்ஸ்ரேயிலும் தெரியாது. எலும்பு கரைந்து, நல்ல பற்கள் இரண்டும் ஆடி விழுந்துவிடக்கூடும்.

கோரைப்பல் வந்தும் மூடவில்லையா? மேலுதட்டை மெல்லத் தூக்கி இழுங்கள். பற்களுக்கு நடுவிலுள்ள ஈறு வெளுத்தால், உதட்டைப் பிடித்திருக்கும் சவ்வு தடித்துக் கீழிறங்கியிருக்கலாம். அதைப் பெரும்பாலும் கிளிப் போட்டுச் சந்தை மூடிய பிறகே வெட்டுவார்கள்; முன்பே வெட்டினால் தழும்பு குறுக்கே நிற்கும். எலும்புக்குள் கூடுதல் பல் ஒளிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும், விழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுகிறதா என்று கவனிப்பதும் அவசியம்.

நெருக்கமாக இருந்த பல் நாற்பது வயதுக்குமேல் விலகினால் அது அழகுப் பிரச்சினை இல்லை, ஈறு நோயாக இருக்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் உடனே காட்டுங்கள். ஈறைச் சரிசெய்யாமல் கிளிப் போட்டால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

கல்யாணத்துக்காகக் கிளிப் என்றால் ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். கழற்றியதும் சந்து திரும்பத் திறக்காமலிருக்கப் பல்லின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டிக்கொள்ள வேண்டும். நாள் இல்லாவிட்டால் காம்போசிட் எனும் பல் நிறப் பசையை ஒட்டிச் சந்தை நிரப்பலாம்; பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். பெரிய சந்தை இரண்டு பல்லில் மட்டும் நிரப்பினால் பல் அகன்று விகாரமாகும், நான்கு பல்லுக்குப் பகிரச் சொல்லுங்கள். அப்புறம் சீப்புச் சீடையையும் முறுக்கையும் கையால் உடைத்துக் கடைவாயில் மெல்லுங்கள். காப்பியும் வெற்றிலையும் கறை ஏற்றும். ஒட்டிய இடத்தில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் பிசிறினால் விளிம்பு சொரசொரப்பாக இருக்கிறது. ஈறு வீங்குமுன் பாலிஷ் செய்துகொள்ளுங்கள்.