வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த தாள்

கடைக்காரர் ஒரு தாளை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். வெறும் வெள்ளைத் தாளுக்குள்ளிருந்து ஒரு சின்னம் துலங்கி வந்தது.

அச்சடித்ததல்ல, நீர்க்குறி. காகிதக் கூழை அள்ளும் சட்டத்தின் வலைமேல் மெல்லிய கம்பியை அந்த வடிவத்தில் வளைத்துத் தைத்திருப்பார்கள். கம்பி இருக்கும் இடத்தில் கூழ் மெலிதாகப் படியும். அந்த வழியாகத்தான் வெளிச்சம் ஊடுருவுகிறது.

இத்தாலியின் அமால்ஃபி கடைத்தெரு முழுக்க எலுமிச்சை மதுவும் எலுமிச்சை சோப்பும்தான். கூட்டமும் அங்கேதான். காகிதக் கடையில் நான் மட்டும் நின்றிருந்தேன்.

‘பம்பாஜினா’ என்கிறார்கள் இந்தக் காகிதத்தை. அந்தக் காலத்தில் கந்தல் துணிதான் மூலப்பொருள். ஆற்று நீர் சுழற்றும் சக்கரம் மரச் சம்மட்டிகளை இயக்கும்; அவை கந்தலை இடித்துக் கூழாக்கும். தாளின் ஓரங்களை வெட்டிச் சீர்செய்வதில்லை. அந்தப் பிசிறை விரலால் தடவத் தடவ ஆசை தீரவில்லை.

காகிதம் நிலைக்காது என்று சொல்லி, 1231இல் இந்தப் பகுதியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் அரசு ஆவணங்களுக்கு அதைத் தடை செய்தார். தொழில் அதையும் தாங்கியது. 1954 வெள்ளத்தைத்தான் பெரும்பாலான ஆலைகளால் தாங்க முடியவில்லை.

அதை அறிந்த பிறகு பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன்.

அமால்ஃபிக்குப் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். பள்ளத்தாக்கில் சற்று மேலே ஏறினால் பழைய ஆலை ஒன்று காகித அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தச் சம்மட்டிகளை அவசியம் பாருங்கள்.