ஜூபாவில் ஐந்து மணி, பாளையங்கோட்டையில் எட்டரை

ஐ.நா. அமைதிப்படைக்குக் கிளம்புகிற ராணுவ டாக்டருக்கும் அவர் வீட்டுக்காரர்களுக்கும் சில குறிப்புகள். முதலில் கடிகாரக் கணக்கு. தெற்கு சூடான் 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி தன் நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிக்கொண்டது. அன்றிலிருந்து அதன் தலைநகர் ஜூபா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். காங்கோவின் கோமாவும் அப்படித்தான். ஐ.நா. அமைதிப்படையில் நம் ராணுவ டாக்டர்கள் போய்வந்த ஊர்களில் இந்த இரண்டும் தெற்கு சூடானின் மலக்காலும் முக்கியமானவை. குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத போஸ்டிங், பெரும்பாலும் ஒரு வருஷம்.

அங்கே ஓபி முடித்து, வார்டில் ஒரு சுற்று பார்த்துவிட்டு டாக்டர் அறைக்கு வரும்போது மாலை ஐந்து என்று வையுங்கள். பாளையங்கோட்டையில் எட்டரை. இட்லி இறக்கியாச்சு, பிள்ளைகள் இன்னும் கண் சொருகவில்லை. பேசுவதற்கு இந்த முக்கால் மணி நேரந்தான் வாய்ப்பு. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு நிதானமாக எட்டு மணிக்குக் கூப்பிடலாம் என்று இருந்தால் இங்கே பதினொன்றரை ஆகிவிடும். அந்நேரத்துக்கு போன் அடித்தால் ஆச்சி யாருக்கு என்னவோ ஏதோவென்று பதறி எழுவாள், அப்புறம் விடியவிடியத் தூக்கமில்லை.

மழை இறங்கினால் இணையம் படுத்துவிடும். வீடியோ திக்கித் திணறும்போதும் குரல் பதிவு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே கிளம்புகிறதற்கு முன்பே வீட்டில் ஒரு ஒப்பந்தம் வேண்டும்: இரண்டு நாள் போன் வராவிட்டால் பயப்படக் கூடாது, மூன்றாம் நாள் ஒரே ஒரு சொல், "நலம்" என்று, எந்த வழியிலாவது வந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் ராணுவம் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொன்னது. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த உத்தரவு இல்லைதான். ஆனால் மதினி பெருமையாகப் போடுகிற ஸ்டேட்டஸில் முகாம் வாசலும் ஹெலிகாப்டர் தளமும் தெரிந்தால் வினைதான். படம் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், பரப்ப வேண்டாம்.

"டாக்டருக்குப் படிச்சவனுக்கு அடுத்த நாட்டுச் சண்டையில என்ன வேலை?" என்று தாத்தாமார் கேட்பார்கள். 1950 நவம்பரிலேயே 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற நம் ராணுவ மருத்துவப் பிரிவு கொரியாவில் போய் இறங்கியது. அதை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், மகாவீர் சக்ரா பெற்றவர். இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை.

இனி ஆஸ்பத்திரி. ஐ.நா. கணக்கில் லெவல்-1 என்பது நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி: நாளுக்கு 20 நோயாளிகள், ஐந்து பேரை இரண்டு நாள் வரை படுக்கவைத்துப் பார்க்கலாம். லெவல்-2 என்றால் நாளுக்கு 40 ஓபி, மூன்று நான்கு அறுவை சிகிச்சை, 20 படுக்கை, ஒருவரை ஏழு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் லெவல்-3. அடிபட்டவருக்கு 10-1-2 என்று ஒரு விதி உண்டு. பத்து நிமிடத்துக்குள் ரத்தத்தை நிறுத்த வேண்டும், ஒரு மணிக்குள் தேர்ந்த அவசர சிகிச்சை, இரண்டு மணிக்குள் அறுவை மேசை.

தாளில் இருக்கிற இந்த இரண்டு மணியை மலக்காலில் கெடுப்பது மண். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே சாதிதான். காய்ந்தால் கை நுழைகிற வெடிப்பு. ஒரு மழை பெய்தால் பூட்ஸுக்கு அடியில் ஆளுக்கு ரெண்டு கிலோ களி. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் அங்கே மழைக்காலம். மண் ஓடுதளத்தில் விமானம் இறங்காது, வண்டி அச்சு வரை புதையும். அதனால்தான் மருந்துக் கையிருப்பு 60 நாளுக்கு இருக்க வேண்டும் என்று விதி. பெட்டி எண்ணிக்கை சரியாக இருந்துவிட்டால் போதாது. முதலில் காலாவதியாகிறது முன்வரிசையில் நிற்க வேண்டும். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதிவைக்க வேண்டும். ஜெனரேட்டர் மாற்றுகிற அந்த இடைவெளிகளில்தான் தடுப்பூசி கெடும், பார்த்தால் தெரியாது.

ஓபிக்கு வருகிறவர்களில் குண்டடி குறைவு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, படர்தாமரை, முதுகுவலி, பல்வலி, இவைதான் நாள் முழுக்க. நேபாளி, ருவாண்டாக்காரர், மங்கோலியர் என்று எல்லா நாட்டுப் படைவீரரும் வருவார்கள். மொழி தடுக்கும். "வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா?" என்று வாயால் கேட்டுப் பயனில்லை, பையில் இருப்பதை மேசையில் கொட்டச் சொல்ல வேண்டும். ஒரே வலி மாத்திரை மூன்று நாட்டுப் பெயரில் மூன்று அட்டையாக வெளியே வரும். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: தெற்கு சூடானில் ஊர்க்காரர்களிடம் நம்மை விட மரியாதை கூட நம் படையின் மாட்டு டாக்டருக்குத்தான். மாடுதான் அங்கே சொத்து, சீர், எல்லாம்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த டாக்டர் தடுக்கி விழக்கூடிய இடம் பாம்புக்கடி. கண்ணாடி விரியன் கடித்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியிருக்கும். விஷமுறிவு மருந்து என்றதும் மனசு தானாக நம் பாலிவேலன்ட்டுக்குப் போகும். அது நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்யப்பட்டது. ஆப்பிரிக்காவின் பஃப் ஆடர், மாம்பா விஷத்தின் முன்னால் அது நிற்காது. அங்கத்திய சுருட்டை விரியன் வகைகளுக்கும் அதை நம்பக் கூடாது, பெயர் ஒன்றாக இருந்தாலும் விஷம் வேறு. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கென்று செய்த மருந்து இருக்கிறதா, எத்தனை குப்பி, எந்த அலமாரி என்பதைப் பொறுப்பேற்ற முதல் நாளே பார்த்துவைக்க வேண்டும். லேபிளில் பாம்புகளின் பெயர் அச்சாகியிருக்கும். வாசித்துவிட்டு உள்ளே வையுங்கள்.

மலேரியாவுக்கு வருவோம். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்கிற ஆபத்தான வகை, குளோரோகுயின் மாத்திரை எடுபடாது. தடுப்பு மாத்திரைகளில் மெஃப்ளோகுயின் 250 மி.கி. வாரம் ஒன்று, கிளம்ப இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே தொடங்க வேண்டும், திரும்பி வந்தும் நான்கு வாரம். வசதியானதுதான், ஆனால் சிலருக்குக் கெட்ட கனவு, தலைசுற்றல், மனக்கலக்கம் வரும். தனியாக, வீட்டை நினைத்துக்கொண்டு இருக்கிற ஆளுக்கு இரவில் தூக்கம் கெட்டால் ஏக்கமா மாத்திரையா என்று பிரித்தறிவது கஷ்டம். முன்கூட்டியே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊரிலேயே மாற்றிவிடலாம்.

டாக்ஸிசைக்ளின் தினம் 100 மி.கி.; ஒரு நாள் இரண்டு நாள் முன்னால் தொடங்கினால் போதும், திரும்பியபின் இதுவும் நான்கு வாரம். தயிர், இரும்பு மாத்திரை, வயிற்றெரிச்சல் மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. அரை மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சைக் கிழிக்கும். காலைச் சாப்பாட்டோடு, முழு டம்ளர் தண்ணீரில் எடுப்பது நல்லது. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்பதையும் நினைவில் வையுங்கள். எதைச் சாப்பிட்டாலும் கொசுவலையும் மாலையில் முழுக்கைச் சட்டையும் விடக் கூடாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போய்ச்சேர 10 நாள் முன்னாலாவது போட்டிருக்க வேண்டும். 2016-லிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். திரும்பும்போது அந்த மஞ்சள் அட்டை கையில் இல்லாவிட்டால் இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் வாசலில் காத்து நிற்க, டாக்டர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம். பெரிய பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.

"என்னய்யா, சோறு தின்னியா?" எந்த போனும் இப்படித்தான் தொடங்கும், பதிலையும் ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும். மெஸ்ஸில் அரிசி, பருப்பு, ஆட்டா எல்லாம் உண்டு. இல்லாதது ருசி. அதற்குப் பொடிதான் வழி. ஒரு ஆளுக்கு நாளுக்கு 10 கிராம் என்றால் ஆறு மாதத்துக்கு 1.8 கிலோ. அதை ஒரே டப்பாவில் அடைத்துக் கொடுப்பதுதான் எல்லா அம்மாமாரும் செய்கிற தப்பு. திறக்கத் திறக்கக் காற்றும் ஈரமும் ஏறி, மூன்றாம் மாதமே சிக்கு வாடை. 200 கிராம் வீதம் ஒன்பது பொட்டலம், ஒவ்வொன்றும் 20 நாளுக்கு. ஒன்று முடிந்தபின்தான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும்.

உளுந்து 200 கிராம், கடலைப்பருப்பு 100, வற்றல் மிளகாய் 25, கட்டிப் பெருங்காயம் ஒரு சுண்டைக்காய் அளவு, உப்பு. எள் 50 கிராம் உண்டென்றாலும் முதல் மூன்று பொட்டலத்துக்கு மட்டும் போடுங்கள், எள்ளில் எண்ணெய் கூட. பூண்டும் கொப்பரையும் வேண்டவே வேண்டாம். கறிவேப்பிலையைக் கையில் நொறுக்கினால் தூளாகிற வரைக்கும் வறுக்க வேண்டும். உப்பையும் சட்டியில் ஒரு பிரட்டு பிரட்டி ஈரத்தை எடுத்துவிடணும். வறுத்ததைத் தாளில் பரப்பி, அடியில் உள்ளங்கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறியபின் அரைத்து, அரைத்ததை மறுபடியும் பரப்பி ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும். மிக்சி சூட்டோடு மூடினால் பையின் உள்பக்கம் பனி பூக்கும், அதுவே போதும் கெடுக்க.

அதோடு கல்லிடைக்குறிச்சி அப்பளம், சுண்டைக்காய் வற்றல், உடன்குடி கருப்பட்டி, சுக்கு. அல்வா முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும். சர்க்கரை கூடுதல் என்பதால் சட்டென்று கெடாது, ஆனால் அந்த வெயிலில் நெய் கசிந்து சட்டையெல்லாம் மணக்கும். இரண்டு பை போட்டு டப்பாவுக்குள் வையுங்கள். இட்லிக்கு ரேஷன் நீள அரிசி உதவாது. இட்லி ரவை இரண்டு பங்கு, உளுந்து ஒரு பங்கு கொண்டுபோனால் மெஸ் சமையல்காரர் செய்துகொடுப்பார். அந்தச் சூட்டில் மாவு ஐந்தாறு மணியில் பொங்கிவிடும். நம்மூர் மாதிரி ராத்திரி முழுக்க விட்டால் புளித்த கஞ்சிதான். சொதிக்குத் தேங்காய்ப்பால் பொடி போதும். வெதுவெதுப்பான நீரில் முதலில் குழைத்துக்கொண்டு, அடுப்பை அணைக்கிற நேரத்தில் ஊற்ற வேண்டும், எலுமிச்சைச் சாறு இறக்கியபின்தான். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும்.

இதையெல்லாம் விட ஒரு பெரிய வேலை இருக்கிறது. ராணுவ டாக்டர் வீட்டில் மொத்தக் குடும்பத்துக்கும் போன் டாக்டர் அவர்தான். தாத்தாவின் பிரஷர், ஆச்சியின் சர்க்கரை, சித்தி மகளுக்குக் காய்ச்சல், எல்லாம் அவர் தலையில். ஜூபாவிலிருந்து இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. தொட்டுப் பார்க்காமல் மருந்தை மாற்றினால் என்னாகும் என்று அவருக்கே தெரியும். ஆகவே போகும் முன் அந்த வேலையைக் கைமாற்றிவிட வேண்டும். நடந்துபோகும் தூரத்தில் ஒரு டாக்டர். வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை. நன்றாக இருக்கும்போது எடுத்த ஒரு இசிஜி. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று பழைய இசிஜி இருந்தால், எது புதுசு என்று பார்க்கிற டாக்டருக்கு உடனே தெரியும். அந்த இசிஜி தாளைப் போன் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், வெப்பத்தாளில் அச்சு மங்கிவிடும். நெஞ்சுவலி என்றால் ஜூபாவுக்குப் போன் கிடையாது, முதலில் 108. திருநெல்வேலியில் ராணுவ ஆஸ்பத்திரி இல்லை. திருவனந்தபுரம் பாங்கோட்டில்தான் இருக்கிறது, சார்ந்திருப்போர் அட்டை இருந்தாலும் அவசரத்துக்கு அது உதவாது.

திறந்த இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் தாங்கும். நம்மூர் சித்திரை வெயிலுக்கு அலமாரி போதாது, கரண்ட் நின்றால் ஃபிரிட்ஜும் போச்சு. மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈரமணல். அதில் பையில் கட்டி வைக்கலாம். ஃபிரீசரில் உறைந்ததைத் தூக்கிப்போட வேண்டும், உருகியபின் பார்க்கத் தெளிவாகவே இருந்தாலும்.

பேப்பர் வேலை சுருக்கமாக. வங்கி ஓடிபி வருகிற சிம்முக்கு வெளிநாட்டு ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். இடம், வீடு சம்பந்தமான பவர் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போனபின் எழுதினால் தூதரகம் சான்றொப்பமிட வேண்டும், பத்திரம் இந்தியா வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வையும் கட்ட வேண்டும்.

ஊர் திரும்பினதும் மாத்திரை நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கிற தப்பு. மைனி வீட்டு விருந்து, கோயில், பயணம் என்று நான்கு வார மாத்திரை பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால் இங்கே யாரும் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார்கள், தட்டணுவை எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள். ஃபால்சிபாரம் அவ்வளவு நேரம் கொடுக்காது. திரும்பிய மூன்று மாதம் வரையிலாவது, காய்ச்சலோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், போகிறவர் டாக்டரே ஆனாலும், வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது: "தெற்கு சூடானில் இருந்து வந்திருக்கேன், மலேரியா ஸ்மியர் பாருங்க." ஸ்மியர் என்பது ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பது; முதல் ஸ்மியரில் இல்லை என்று வந்தால் 12 முதல் 24 மணி இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை.