புது கேம்ஷாஃப்ட்: சாவியைத் திருப்பும் முன் பட்ட பாடு

என்ஜின் ஓடுகிறது. டேப்பட் சத்தம் இல்லை, ஆயில் பிரஷர் நன்றாக நிற்கிறது. ஆனாலும் வேலை பார்த்த பட்டறையின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவர்கள் சொன்னபடி விட்டிருந்தால் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட், சுருக்கமாக கேம், அன்றைக்கே போயிருக்கும்.

புஷ்ராட் வைத்த பழைய நாலு சிலிண்டர் என்ஜின், ரோலர் இல்லாத தட்டை டேப்பட். கேம் டேப்பட்டைத் தள்ளும், டேப்பட் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும், அது ராக்கர் வழியாக வால்வைத் திறக்கும். போர், பிஸ்டன், கிராங்க் வேலையெல்லாம் ஒரு குறையும் இல்லை. தகராறு கேமில்தான் ஆரம்பித்தது.

புது கேமோடு பழைய டேப்பட்டையே மாட்டப் பார்த்தார்கள். “பாலிஷ் போட்டாச்சு சார், புதுசு மாதிரிதான்.” இரண்டு டேப்பட்டை எடுத்து முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தேன். புதியதாக இருந்தால் முகம் கண்ணுக்குத் தெரியாத அளவு புடைத்திருக்கும், சேர்த்து வைத்தால் லேசாக ஆடும். இவை நடுவில் குழிந்து, ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றன. அந்தப் புடைப்பும், டேப்பட்டைத் தள்ளும் முட்டை வடிவ மேடான கேம் லோபில் இருக்கும் சிறு சரிவும் சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழல வைக்கின்றன. சுழலாத டேப்பட் ஒரே இடத்தில் உரசி லோபைத் தின்றுவிடும். பழைய கேமில் பழைய டேப்பட் அதனதன் இடத்திலேயே திரும்பப் போகலாம். புது கேமுக்குப் புது டேப்பட்தான், இதில் பேச்சே இல்லை. வாக்குவாதத்துக்குப் பிறகு புது செட் வந்தது.

அடுத்தது ஆயில். கடையில் “இருக்கிறதிலேயே புது தரம்” என்று ஒன்றைத் தள்ளினார்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக, 2004-ல் வந்த எஸ்எம் என்ற ஆயில் தரத்திலிருந்து 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. தட்டை டேப்பட்டைக் காப்பதே துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அந்தச் சேர்க்கைதான். அதனால், புது கேமும் டேப்பட்டும் ஒன்றோடொன்று படியும் முதல் ஓட்டத்துக்கு, பிரேக்-இன் ஆயில் என்றே தனியாக விற்பதைத் தேடி வாங்குங்கள். லோபிலும் டேப்பட் முகத்திலும் மாலி (மாலிப்டினம் கலந்த மசகு) பேஸ்ட் தாராளமாகத் தடவ வேண்டும். டேப்பட்டின் பக்கவாட்டுக்கு வெறும் ஆயில் போதும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டிரில் வைத்து ஆயில் பம்பைச் சுற்றி, ராக்கர் வரை ஆயில் ஏறும்படி செய்தேன். அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு புஷ்ராடிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கிராங்கை ஸ்பானரால் மெதுவாகத் திருப்பினேன். டேப்பட் சுழன்றால் புஷ்ராடும் கூடவே சுழலும். எல்லாக் கோடும் நகர்ந்தது, ஒன்றைத் தவிர. எத்தனை முறை திருப்பியும் அது மேலே போய்க் கீழே வந்ததே தவிர, சுழலவில்லை. பக்க மூடியைத் திறந்து பார்த்தால், அந்த டேப்பட் உட்காரும் துளையில் பழைய ஆயில் பிசின் கெட்டியாக ஒட்டியிருந்தது. பிளாக்கை “கழுவித் தந்தோம்” என்றார்களே, அந்த லட்சணம் இதுதான். டேப்பட் தன் எடையிலேயே துளைக்குள் நழுவி இறங்க வேண்டும். இது அழுத்தினால்தான் இறங்கியது. துளையைச் சுத்தம் செய்து, பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி மறுபடி மாட்டியதும் கோடு நகர்ந்தது. அப்போது வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. இந்தச் சோதனையை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்டார்ட் செய்யும் நாளில் மெக்கானிக் சொன்னது: “அரை மணி நேரம் ஐடிலில் விடுங்க சார், தானா செட் ஆயிடும்.” ஓவர்ஹெட் கேம், ரோலர் கேம் வண்டிகளிலேயே பழகியவர். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, வேகத்தை ஏற்றி ஓட்டிப் படியவைக்கும் இந்தச் சடங்கு தேவையில்லை. தட்டை டேப்பட்டுக்கு ஐடில்தான் எமன். லோபுக்குப் போகும் ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுற்றும்போது தெறிப்பதுதான், வேகம் குறைந்தால் அதுவும் குறையும். போதாததற்கு, ஸ்பிரிங்கின் அழுத்தம் லோபின் உச்சியான மூக்கில் முழுசாக விழுவதும் குறைந்த வேகத்தில்தான். இரட்டை ஸ்பிரிங் போட்டவர்கள் உள் ஸ்பிரிங்கை இந்த ஓட்டத்துக்கு மட்டும் கழற்றிவிடுவது அதனால்தான்.

ஸ்டார்ட்டரைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தால் பேஸ்ட் வழிந்துவிடும். ஆகவே டைமிங்கை முன்கூட்டியே சரியாக வைத்து, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோலை நிரப்பி வைத்திருந்தேன். தொட்டதும் பிடித்தது. உடனே 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 2500 வரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன். இப்படி 20 நிமிடம் ஓட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே காற்று அடைத்திருந்தது. “சூடாகுது, ஐடிலுக்குக் கொண்டு வாங்க” என்று மெக்கானிக் ஆக்சிலரேட்டர் கேபிளில் கை வைக்கப் போனார். தடுத்து, சாவியை அணைத்தேன். எதற்காகவும் ஐடிலுக்கு இறக்காதீர்கள், நிறுத்த வேண்டுமென்றால் முழுசாக நிறுத்துங்கள். ஆறவிட்டு, காற்றை வெளியேற்றி, தண்ணீர் நிரப்பி, மறுபடி ஸ்டார்ட் செய்து நேராக 2000-க்குப் போனேன். ரேடியேட்டர் முன்னால் ஒரு பெரிய மின்விசிறியும் வைத்தேன், நிற்கும் வண்டிக்கு அது அவசியம். விட்ட இடத்திலிருந்து 20 நிமிடக் கணக்கை முடித்தேன்.

முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். பேஸ்ட்டின் கருப்புச் சாயம் இருந்தது, மினுமினுக்கும் இரும்புத் தூள் இல்லை. அதை அப்படியே மெக்கானிக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் புரட்டிப் பார்த்தவர், அடுத்து இறக்கப் போகும் என்ஜினுக்கு அந்த ஆயில் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.